பஞ்சுக்கு பயம்... வயித்து பிஞ்சுக்கு இல்லையா? கர்ப்பிணிகளை மிரட்டும் பீடி புகை

குன்னத்தூர்: பனியன் கம்பெனிக்குள் பீடி பற்ற வைத்துப் பாருங்கள். அடுத்த நிமிஷமே சூப்பர்வைசர் ஓடி வருவார். காரணம், பஞ்சும் துணியும் தீப்பிடித்தால் கம்பெனியே காலி. ஆனால் அதே பீடியை கேட்டுக்கு வெளியே, மாடிப்படியில், வேன் ஜன்னல் ஓரத்தில் பிடித்தால் கேட்க நாதி இல்லை. பக்கத்தில் ஆறு மாத கர்ப்பிணி நின்றாலும் கண்டுகொள்வதில்லை.

குன்னத்தூர், ஊத்துக்குளி சுற்று வட்டாரத்தில் இருந்து திருப்பூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு போகும் பெண்கள் ஏராளம். குடும்ப கஷ்டத்தால் வயிற்றில் பிள்ளையோடு செக்கிங், பேக்கிங் வேலை பார்ப்பவர்களும் உண்டு.

பிடிப்பது ஆண், பாதிப்பது பெண்

நம்ம ஊர் பெண்களில் பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் மிக குறைவு. 2016-17ல் எடுத்த தேசிய புகையிலை கணக்கெடுப்புப்படி இந்தியாவில் புகைக்கும் ஆண்கள் 19 சதவீதம். பெண்கள் வெறும் 2 சதவீதம். ஆனால் வீட்டுக்குள் அடுத்தவர் விடும் புகையை சுவாசிப்பவர்கள் 38.7 சதவீதம். கட்டிடத்துக்குள் வேலை பார்ப்பவர்களில் 30.2 சதவீதம் பேர் வேலை இடத்திலும் புகையில் சிக்குகிறார்கள். அதாவது, தப்பு செய்வது ஒருத்தர், தண்டனை இன்னொருத்தருக்கு!

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

பீடி புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக் கொள்ளும். ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். நிகோடின், நஞ்சுக்கொடிக்கு போகும் ரத்தக் குழாயை சுருக்கும். விளைவு? குழந்தைக்கு மூச்சும் குறைகிறது, சாப்பாடும் குறைகிறது. இரண்டரை கிலோவுக்கு குறைவான எடையில் பிறக்கும் ஆபத்து கூடுகிறது. பிறந்த பிறகும் புகை தொடர்ந்தால் சளி, இளைப்பு, தூக்கத்திலேயே திடீர் மரணம் வரை ஆபத்து உண்டு.

"ஜன்னலை தொறந்துட்டுதானே புடிக்கறேன்" என்பார்கள். பிரயோஜனம் இல்லை. ஜன்னலும் ஃபேனும் புகையை முழுசாக வெளியேற்றாது. லைன் வீட்டில் ஒரே அறைதான். அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் பிடித்தாலே புகை உள்ளே வந்துவிடும்.

சட்டம் இருக்கு... ஆனா?

பொது இடத்தில் புகை பிடிப்பதற்கு எதிராக 1999ல் கேரள ஐகோர்ட்டும், 2001ல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு போட்டன. 2003ல் தனி சட்டமே வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் கடுமையாகின. பஸ், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, வேலை இடம் எல்லாமே தடை பகுதிதான். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

பலருக்கு தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கம்பெனியில் "புகை பிடிக்க தடை" போர்டு மட்டும் போதாது. யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்று பெயரும் எழுதி வைக்க வேண்டும். புகார் வந்தும் கண்டுகொள்ளாவிட்டால் நிர்வாகத்துக்கும் அபராதம் உண்டு.

ஆனால் புகார் சொல்லும் பெண்ணுக்கு நாளைக்கு வேலை இருக்குமா? பீஸ் ரேட்டுக்கு தைப்பவர் கான்டிராக்டரை பகைத்துக்கொள்ள முடியுமா? போர்டு தொங்கியும் புகை அடங்காமல் இருப்பது இந்த பயத்தால்தான். அதனால் புகார் வரட்டும் என்று காத்திருக்காமல் நிர்வாகமே கேட்டையும், படிக்கட்டையும், வேனையும் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்குள் எந்த சட்டமும் வராது. அங்கே கணவர்தான் போலீஸ், அவரே ஜட்ஜ். செக்கப்புக்கு மனைவியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிப் போகும்போது வெளியே பெட்டிக்கடையில் நிற்காமல் உள்ளே போய் நர்சம்மா சொல்வதை கேட்டாலே பாதி பிரச்சினை தீரும். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது.

மாமியார், பாட்டி பழக்கத்தை பார்த்து வெற்றிலையோடு புகையிலை போடும் கர்ப்பிணிகளும் கவனிக்க வேண்டும். புகை வராவிட்டாலும் அதிலும் இருப்பது அதே நிகோடின்தான்.

பஞ்சு எரிந்தால் இன்சூரன்ஸ் கிடைக்கும். பிஞ்சுக்கு?