தடுத்தவள் நான்தான்!

2020-ல் பால் பாக்கெட்டைக்கூட சோப்பு போட்டுக் கழுவினவள் நான். காய்கறிக்கு மஞ்சள் தண்ணீர், வாசலில் வேப்பிலை, வேளாவேளைக்குக் கபசுரக் குடிநீர் என்று ஒன்றையும் விடவில்லை. தடுப்பூசி விஷயத்தில்தான் கோட்டை விட்டேன்.

2021 ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பால் காலமானார். அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். என் காதில் ஏறவில்லை. மறுவாரம் ஊசி போடக் கிளம்பிய மாமியாரை, "வேண்டாம் அத்தை, நீங்க வீட்டை விட்டு எங்கே போறீங்க?" என்று தடுத்துவிட்டேன்.

என் கணவருக்கோ ரேஷன் கடையில் வேலை. மே மாதம் 2,000 ரூபாய் நிவாரணம் வாங்க அங்கே அவ்வளவு கூட்டம்! அதை நான் யோசிக்கவே இல்லை, பாருங்கள். அந்த மாதக் கடைசியில் அத்தைக்குத் தொற்று வந்து, பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். பிழைத்தது மறுபிறவி.

விவேக் மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று மத்திய அரசின் குழுவும் அக்டோபரில் சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை அத்தைக்கு வாசித்துக் காட்டி, தப்பு என்னுடையதுதான் என்றேன். "நல்லதுக்குன்னுதானே சொன்னே, விடும்மா" என்றார். இன்றும் மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. வடகம், வற்றல் காயப்போடுவதெல்லாம் இப்போது என் வேலை.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்