ஒரு வாசற்படியின் கதை

துப்பறியும் நாவல் என்றால் கொலையாளி யாரென்பது கடைசி அத்தியாயம் வரையில் தெரியக்கூடாது என்பது நம்மவர் எண்ணம். 1866-ஆம் வருஷம் ருஷ்ய மாதப் பத்திரிகையொன்றில் தொடர்ந்து வெளிவந்த டாஸ்டாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' அப்படிப்பட்டதன்று. ஆறு பாகங்களில் முதற் பாகத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. செய்தவன் ராஸ்கல்னிகாப் என்பதும் நமக்குத் தெரியும். மிச்சமுள்ள ஐந்து பாகங்களில் என்னதான் இருக்கிறது?

அவன் மனம் இருக்கிறது! படிப்பை நிறுத்திவிட்ட அந்த ஏழை மாணவன், தன் வீட்டிலிருந்து அடகு பிடிக்கும் கிழவியின் வீடு 730 காலடி தூரம் என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கிறான். அத்தனை கணக்கும் பிறகு ஜுரத்தில் கரைந்து போகிறது. விசாரணை அதிகாரி பார்பிரியோ அவனைக் கைது செய்ய அவசரப்படுவதில்லை. விளக்கைச் சுற்றும் விட்டில் தானே வந்து விழும் என்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். மூச்சு முட்டுவது நமக்குத்தான்.

நாம் வாசித்தது கான்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையாரின் 1914-ஆம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பு. நடை சரளமானது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் தலைப்பிலேயே ஒரு நஷ்டம் இருக்கிறது. குற்றத்தைக் குறிக்கும் ருஷ்யச் சொல்லுக்குள் 'தாண்டிச் செல்லுதல்' என்ற பொருள் அடங்கியிருக்கிறதாம். மாடிப்படிகளிலும் வாசற்படிகளிலும் அவன் ஏன் அப்படித் தயங்கித் தயங்கி நிற்கிறான் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. ஆங்கிலத்துக் 'கிரைம்' இதைக் காட்டுமா? 'வரம்பு மீறினான்' என்று நம் பாட்டிமார் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை அதைவிட எவ்வளவோ கிட்டத்தில் நிற்கிறது! ருஷ்யாவுக்குப் போவதற்கும் லண்டன் வழியாகத்தான் போகவேண்டும் என்று நமக்கென்ன தலையெழுத்தா?