நாடா தொங்கும் நாயகன்

லாஸ்பேட்டையில் நம் மாணவர்களோடு அண்மையில் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' (2008) ஆவணப்படம் பார்த்தோம். மகாராஷ்டிரத்து விசைத்தறி நகரான மாலேகாவில் ஷேக் நாசிர் சொற்பக் காசில் எடுத்த நகைச்சுவைச் சாகசப் படத்தைப் பற்றியது அது. நாயகன் ஷஃபீக், ஒல்லியான தறித் தொழிலாளி; காற்சட்டை நாடா வெளியே தொங்க, ஊரின் புகையிலைப் பழக்கத்தை எதிர்த்துப் பறக்கிறார்.

சிரித்தோம். தொல்காப்பியர் நகைக்குரிய களங்கள் நான்கு என்பார். எள்ளல் அவற்றுள் ஒன்று மட்டுமே. இச்சிரிப்பு எள்ளலன்று. தம் இல்லாமையைக் கண்டு தாமே முதலில் சிரித்தவர்களை எவரும் எள்ள இயலாது. கோடிகளைக் கொட்டி எடுக்கும் சண்டைக் காட்சிகளில் இந்த நெருக்கம் வாய்ப்பதில்லை என்பதே நம் கருத்து.

ஷஃபீக் 2011இல் புற்றுநோயால் இறந்தார். அதைச் சொன்னபோது வகுப்பு அமைதியானது. ஆயினும் சிரித்ததற்காக எவரும் வெட்கப்படவில்லை.