எதிரொலி

ஆவூரில் திருச்சிப் பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு மாலையில், இடதுசாரிக் கொள்கையில் பற்றுடைய இளைஞர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தேர்தல் முடிவைக் குறை கூறிக் கூட்டம் சேர்ப்பவர்களை நம்பாதீர்கள், பாய். அது மக்களை மயக்கும் அரசியல். அதன் பின்னால் பாசிசம் வரும்." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அச்சொற்களை நான் முன்பே கேட்டவன். 1975இல் ஆட்சியாளர்கள் அவற்றைச் சொன்னார்கள். ஏழைகளின் தோழர்கள் சிலர் அப்படியே எதிரொலித்தார்கள்.

நடந்தது என்ன? 1971 தேர்தலில் ரேபரேலித் தொகுதியில் இந்திரா காந்தி அம்மையாரிடம் தோற்ற ராஜ் நாராயண் வழக்குத் தொடுத்தார். அவரும் ஒரு சோசலிஸ்டே. அரசு ஊழியர்களின் உதவியைத் தேர்தல் பணிக்குப் பெற்றது குற்றம் என்றும், அவ்வெற்றி செல்லாது என்றும் 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாதென ஆகஸ்டில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அவ்விதியை நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. ஆயினும் முன்தேதியிட்டு மாற்றப்பட்ட தேர்தல் சட்டத்தின்படி அம்மையாரின் வெற்றி நிலைத்தது. ஆட்டம் முடிந்தபின் விதியைத் திருத்தினால் தோல்வி ஏது?

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி நெருக்கடி நிலையை ஆதரித்தது. ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்தைப் பாசிசம் என்றது. அவ்வச்சம் முழுதும் வெறுமையானதன்று. அவ்வியக்கத்தில் ஜனசங்கமும் ஆர்.எஸ்.எஸ்.ஸும் இருந்தன. ஆனால், தீர்ப்பினால் எதிரிக்கு ஆதாயம் என்பதற்காகத் தீர்ப்பே பொய்யாகிவிடுமா? வறுமையை விரட்டுவோம் என்ற முழக்கத்திற்குக் கூடிய கூட்டம் முற்போக்கு. பீகாரில் கூடிய கூட்டம் மட்டும் பாசிசமா? ஒரே பண்டத்தை இரு படிக்கல்லால் நிறுத்தார்கள்.

இதைச் சோசலிசக் கொள்கையின் குற்றமென்று நான் கூறவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி நெருக்கடி நிலையை எதிர்த்தது. சோசலிஸ்டுத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறை சென்றார். கொள்கை கெடவில்லை, அரியணைக்கு அருகில் அமர்ந்ததனால் கண் கெட்டது.

விலை கொடுத்தவர்கள் யார்? 1976 ஏப்ரலில் டில்லி துருக்மான் கேட் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்து நின்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கேரளத்தில் ராஜன் என்னும் பொறியியல் மாணவர் போலீஸ் முகாமில் மாண்டார். அன்று அங்கே முதலமைச்சர் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன். அந்த அமைச்சரவையில் நம் முஸ்லிம் லீகும் இருந்தது. ஆகவே, தோழர்களை மட்டும் சுட்டும் விரல் நமக்கு வேண்டாம். 1977இல் நம் அண்டை நகரான திருச்சியும் அக்கூட்டணியின் கம்யூனிஸ்ட் வேட்பாளர் எம். கலியாணசுந்தரத்தையே வெற்றி பெறச் செய்தது. நாடு முழுவதிலும் அக்கட்சி 23 இடங்களிலிருந்து 7க்கு இறங்கியது. 1978இல் பட்டிண்டா மாநாட்டில் தன் நிலை தவறென ஒப்புக் கொண்டது; அந்த நேர்மை பாராட்டுக்குரியது. ஆனால் ஒப்புதல் துருக்மான் கேட்டின் வீடுகளை எழுப்பித் தரவில்லை.

அப்படியானால் தோற்றவன் கூச்சலையெல்லாம் நம்புவதா? இல்லை. 2020இல் அமெரிக்காவில் டிரம்ப் தரப்பு தேர்தல் மோசடி என்று முழங்கிற்று. தொடுத்த வழக்குகளோ சான்றின்றி அடுக்கடுக்காக வீழ்ந்தன. ராஜ் நாராயணின் வழக்கில் சான்று இருந்தது, நின்றது. வேறுபாடு சான்றில்தான், கூச்சலிடுபவனின் கட்சியிலன்று.

எனவே, ஆவூர் இளைஞரே, அடுத்த முறை தேர்தல் பற்றி ஐயம் எழும்போது, அதனால் யாருக்கு ஆதாயம் என்பதை முதற்கேள்வியாக்காதீர். சான்று உண்டா, அதை விசாரிக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். அரண்மனை சொன்னதையே நீங்களும் சொல்ல நேர்ந்தால், சற்று நின்று யோசியுங்கள். எதிரொலிக்குச் சொந்தக் குரல் கிடையாது.