எதற்கு முதல் செலவு?

வீட்டில் இருந்தபடியே சினிமாக் கொட்டகையின் ஒலியை அனுபவிக்க வேண்டும் என்ற ஆசை இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் பரவியிருக்கிறது. இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தொலைக்காட்சிப் பெட்டிகள் மெலிந்துவிட்டன. நல்ல ஸ்பீக்கர் வைக்க அவற்றுக்குள் இடமில்லை. படம் பளிச்சென்று தெரிகிறது, பேச்சுதான் புரிவதில்லை. "என்ன சொன்னான்?" என்று கேட்காத முதியவர்கள் இல்லை. ஆனால் மிச்சம் பிடித்த பணத்திலோ மாதத் தவணையிலோ வாங்குகிறவர்கள், எதற்கு முதலில் செலவிடுவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று யோசித்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

பல கடைகளில் முதலில் கண்ணில் படுவது வாட் கணக்கு. ஆயிரக்கணக்கில் வாட் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது பி.எம்.பி.ஓ. என்ற கணக்கு, கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடும் என்று சொல்லப்படும் உச்ச அளவு. அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். வாட். அது எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாட் இரட்டித்தால் ஒலி இரட்டிப்பதில்லை. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் என்று கூடுதல் விலை கொடுப்பதால் கிடைக்கும் பலன் சொற்பமே.

அடுத்த மயக்கம் எண்ணிக்கை. 5.1 என்றால் முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டிலோ பின்னாலோ இரண்டு, அடித்தொனிக்கு ஒரு சப்-ஊபர். குறைந்த விலைக்கு ஆறு பெட்டியும் வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் மட்டமாகத்தான் அமையும். பேச்சில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில் வருகிறது. இசையின் பெரும்பகுதி முன்னால் உள்ள இடம், வலம் இரண்டிலும் வருகிறது. மழையும் கூட்டத்தின் ஆரவாரமும் போன்றவையே பின்னால் ஒலிக்கின்றன. எனவே பின்னால் வைப்பவை அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். கையில் பணம் இன்னும் குறைவா? இரண்டு நல்ல ஸ்பீக்கர்களோடு தொடங்கலாம். இரண்டுக்கும் நடுவில் உட்காருபவருக்குப் பேச்சு திரையிலிருந்தே வருவதுபோல் கேட்கும்.

நம் யோசனை இதுதான். ஒதுக்கிய பணத்தில் ஏறக்குறைய பாதியை முன் ஸ்பீக்கர்களுக்குக் கொடுங்கள். மீதியில்தான் ரிசீவரும் சப்-ஊபரும். காரணம் உண்டு. டால்பி டிஜிட்டல் 1992இல் திரையரங்குக்கு வந்தது, டி.டி.எஸ். 1993இல் வந்தது, டால்பி அட்மாஸ் 2012இல் வந்தது. பிறகு இவையெல்லாம் வீட்டுக்கும் வந்தன. புது முறை வரும்போதெல்லாம் ரிசீவர் பழசாகிவிடுகிறது. நல்ல ஸ்பீக்கரோ, பக்குவமாக வைத்துக்கொண்டால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும்.

கம்பிக்காகப் பணத்தை வாரி இறைக்க வேண்டாம். வீட்டுக் கூடத்தின் தூரத்துக்குப் போதிய கனமுள்ள சாதாரணச் செப்புக் கம்பியே போதும். அந்தப் பணத்தைக் கூடத்துக்குச் செலவிடுங்கள். வெறும் சுவரும் ஓடு பதித்த தரையும் ஒலியை எதிரொலித்துப் பேச்சைக் குழப்பும். கனத்த திரைச்சீலை, தரையில் ஒரு விரிப்பு, நிறைந்த புத்தக அலமாரி, இவை அந்த எதிரொலியைத் தணிக்கும். ஸ்பீக்கரை மூலையில் திணிக்காமல், உட்கார்ந்தவரின் காது மட்டத்தில் வைப்பதற்குச் செலவே இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம். ஸ்பீக்கரும் கூடமும்தான் இங்கே சுவர், மற்றவை பிறகு.

கடைக்காரர் குண்டு வெடிக்கும் காட்சியைப் போட்டுக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். இருவர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவரையும் உடன் அழைத்துப் போங்கள். ஒலியைக் கூட்டாமலே அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்குமானால், அதையே வாங்குங்கள்.