வெண்கல மேனியும் விலைச்சீட்டும்

கல்முனையில் இருந்துகொண்டு வெண்கலச் சிற்பத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். மனித உருவத்தை உலோகத்தில் வார்ப்பது எங்கள் முஸ்லிம் ஊர்களின் வழக்கமன்று. எங்கள் கைத்திறன் மருதமுனையின் தறிகளிலும் பள்ளிவாசற் சுவர்களின் எழுத்தணியிலுமே தங்கிவிட்டது. ஆயினும், அக்கலை இன்று உலகச் சந்தையிற் படும் பாட்டை நோக்குமிடத்து, அது இக்கரையோரத்தாருக்கும் உரிய விஷயமென்றே எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

2015 மே மாதம் நியூயோர்க் நகரில் ஓர் ஏலம் நடந்தது. சுவிற்சர்லாந்துச் சிற்பி அல்பேர்ட்டோ ஜியாகொமெட்டி 1947 இல் ஆக்கிய, விரல் நீட்டி நிற்கும் மனிதனின் வெண்கல உருவம் 14 கோடியே 13 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. அதுவரை எந்தச் சிற்பமும் ஏலத்தில் அவ்வளவு பெற்றதில்லை. ஆளுயரமும் ஈர்க்குச்சி உடலுமாய் நிற்கும் அம்மனிதன், உலகப் போரின் சாம்பலிலிருந்து எழுந்து வந்தவன் போலக் காட்சி தருகிறான். அருமையான படைப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் அவன் ஒருவனல்லன். அவ்வுருவத்துக்கு ஆறு வார்ப்புகள் உண்டு. அச்சு ஒன்று கையிலிருந்தால் அறுபதும் வார்க்கலாம். வார்க்காமல் நிறுத்திக்கொள்வதே சந்தையின் ஒழுங்கு. பிரான்சிலே பன்னிரண்டு வார்ப்புகள் வரையே மூலப்படைப்பெனச் சட்டம் ஏற்கும். சேகரிப்பவர் தம் பணத்தைக் கொடுத்து வாங்குவது ஓர் உடலையும் அதனடியிற் பொறித்த ஓர் இலக்கத்தையும் சேர்த்தேயாம்.

சேகரிப்போரைப் பழிப்பது எளிது. வெண்கலம் மலிவான பொருளன்று. உலையும் மலிவாக எரிவதில்லை. வாங்குவோர் இல்லையெனில் வாழும் சிற்பியின் கனவு களிமண்ணிலேயே காய்ந்துபோகும். நம் தீவின் திஸ்ஸ ரணசிங்ஹ (1925–2019) போன்றோர் இலண்டன் வரை சென்று வெண்கல வார்ப்பைக் கற்றுத் தேர்ந்தனர். அத்தகையோருக்கு ஆதரவு எங்கிருந்தேனும் வரத்தானே வேண்டும்? சிற்சில வேளைகளில் அது அரசிடமிருந்து வந்தது. தேவி பிரசாத் ராய் சௌதுரியின் ‘உழைப்பாளர் வெற்றி’ 1959 முதல் சென்னை மெரினாக் கடற்கரையில் நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் அந்நால்வரின் தசைநார்களைச் சுண்டல் விற்கும் சிறுவனும் காசின்றிக் காண்கிறான்.

நிற்க. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் நடப்பதைப் பாருங்கள். தென்னையோலையை மடித்து அளவெடுத்து, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து ஸ்தபதி உருவத்தைச் செய்கிறார். காவிரி வண்டலை அதன்மேற் பூசிச் சுடுகிறார். மெழுகு உருகி ஓட, அவ்விடத்தில் உலோகம் பாய்கிறது. பின்னர் மண்கூட்டை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். மெழுகும் போயிற்று, கூடும் போயிற்று. அதே உருவம் மறுபடி பிறக்க வழியே இல்லை. இலக்கமிட்டு அருமை தேட வேண்டாத, உண்மையாகவே ஒற்றைப் பிறவியான சிற்பம் இது. ஆயினும் இதற்குப் பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் பார்த்தே விலை பேசுகிறார்கள். பெயரும் ‘கைப்பணி’ என்றே வழங்குகிறது. ஜியாகொமெட்டியை நிறுத்து விற்க எவரேனும் துணிவாரா?

இதே மரபின் பழைய வார்ப்பானாலோ கதை வேறு. கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் திருமேனியை 1957 இல் பாண்டிச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் படம் பிடித்திருந்தனர். பத்தே ஆண்டுகளில், 1967 இல், ஒக்ஸ்போர்ட் ஆஷ்மோலியன் நூதனசாலை அதனை இலண்டன் ஏலத்தில் வாங்கியது. அப்பழைய நிழற்படமே சாட்சியாக நின்றது. 2024 இல் பல்கலைக்கழகப் பேரவை அதனை இந்தியாவுக்குத் திருப்பியளிக்க இசைந்தது. படமில்லாத ஊர்களின் கதி யாதாகும்?

இனி நம் கரைக்கு வருவோம். பிரித்தானிய நூதனசாலையில் தாரா தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை ஒன்றுண்டு. எட்டாம் நூற்றாண்டளவிலானது; உயரம் 143 சென்ரிமீற்றர்; உட்கூடின்றிக் கனமாக வார்க்கப்பட்டது. இடைக்குமேல் ஆடையில்லை. அக்காரணத்தாலேயே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதனைப் பொதுமக்கள் கண்ணில் காட்டாது, அறிஞர்க்கு மட்டும் காட்டி வைத்திருந்தனர். உடலை மறைக்கும் நாணம் எங்கள் ஊர்களுக்குப் புதிதன்று. ஆனால், காட்டக் கூசியவர்கள் கொடுக்கவும் மனமின்றி வைத்துக்கொண்டதுதான் எனக்கு விளங்கவில்லை. 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த றொபேட் பிரவுண்றிக் 1830 இல் அதனை அங்கு கொடுத்தார். கண்டெடுத்த இடம், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரமாம். அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான். அதற்கு முன் கல்முனையும் மட்டக்களப்பைச் சேர்ந்ததே. இன்றும் இடைத்தூரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றரே.

பௌத்தச் சிலை, முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் அதில் என்ன உறவென்று கேட்பாருண்டு. கிழக்கிலே நிலத்தடிச் சிலை என்றதும் மக்கள் அஞ்சுவதற்குக் காரணமும் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தமிழ் பேசும் ஒருவர்கூட அதில் இடம்பெறவில்லை. ஒரு சிலை கிடைத்தால் ஒரு காணி போகுமோ என்று எண்ணுகிறவனுக்குச் சிற்பத்தின் அழகு எவ்வாறு கண்ணிற் படும்? இந்த அச்சமே நம் பிள்ளைகளைத் தம் கரையின் கலையிலிருந்து பிரித்து வைக்கிறதென்பேன். தாராவை வணங்க வேண்டியதில்லை. சித்திரப் பாடத்திலோ வரலாற்றுப் பாடத்திலோ அவள் படத்தைக் கல்முனை ஆசிரியர் ஒருவர் தயங்காமல் காட்டலாம். வருங்காலத்தில் செயலணி எதுவாயினும், இக்கரையின் மூன்று சமூகத்தாரையும் முதலிலேயே சேர்த்து அமைக்கும்படி கேட்கலாம்.

இலண்டன் பதிவேட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, கொடுத்த ஆண்டும் இருக்கிறது. வார்த்தவர் பெயர் இல்லை. எந்த ஊரில் எவர் கண்டெடுத்தார் என்பதும் இல்லை.