பாட்டுதான் நமது முதல் மனு

உழைப்பாளியின் பாட்டு அலுப்புத் தீரப் பாடுவது, அதற்குமேல் ஒன்றுமில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உண்டு. சங்கம் வேறு, பாட்டு வேறு என்கிறார்கள். உலகத் தொழிலாளர் வரலாறு இதை ஒப்பவில்லை.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 1909-ல் அங்கே ஒரு தொழிலாளர் அமைப்பு சட்டைப்பைக்குள் அடங்கும் சிவப்புப் பாட்டுப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. அதன் புகழ்பெற்ற பாட்டாளி ஜோ ஹில், ஸ்வீடனிலிருந்து பிழைக்கப் போனவர். நம்மைப்போல் ஊர் விட்டுப் போன உழைப்பாளி. மாதா கோயில் பாட்டு மெட்டிலேயே கூலிக்காரன் வயிற்றுப்பாட்டைப் பாடினார். அவர்மீது கொலைக்குற்றம் சாட்டி, 1915 நவம்பர் 19 அன்று யூட்டா மாநில அரசு சுட்டுக் கொன்றது. பாட்டு சாகவில்லை. 1931-ல் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், சங்கத்துக்காரரான கணவரைத் தேடி ஷெரீப்பின் ஆட்கள் வீடு புகுந்தனர். மனைவி புளோரன்ஸ் ரீஸ் சுவரில் தொங்கிய காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்புறம் ஒரு பாட்டு எழுதினார். ஒதுங்கி நிற்பவரையெல்லாம் கேள்வி கேட்ட பாட்டு அது. 1945-ல் சார்ல்ஸ்டன் புகையிலைத் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் கறுப்பினப் பெண்கள் பாடிய பாட்டோ, பின்னர் கறுப்பர் உரிமைப் போராட்டத்தின் கீதமாயிற்று.

இதன் சூட்சுமம் எளியது. தெரிந்த மெட்டு, புதிய சொல். எழுத்தறியாதவரும் ஒரே மாலையில் கற்றுக்கொள்வார்.

இதை நம்மவரும் அறிந்திருந்தனர். இலங்கைத் தோட்டங்களில் கோ. நடேசய்யர் 1931-ல் தொழிற்சங்கம் கண்டபோது, அவர் மனைவி மீனாட்சி அம்மாள் மேடைதோறும் பாடினார். பாரதியின் பாட்டையும் பாடினார். தாமே எழுதியதையும் பாடினார். மணிக்கணக்கில் பேசியும் ஏறாத சேதி பாட்டில் ஏறிற்று. பின்னர் தொழிற்சங்கவாதி சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டினார். துரையின் கொடுமையும் கங்காணியின் கெடுபிடியும் விட்டு வந்த ஊரின் ஏக்கமும் அவற்றில் பதிந்துள்ளன. எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறாத வரலாறு அது.

நமது மலையிலும் அதே கங்காணி முறைதான். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் போடி வழியே மலை ஏறினர். கொழுந்து பறிக்கையிலும், பிள்ளையைத் தூங்க வைக்கையிலும், இழவு வீட்டில் மாரடிக்கையிலும் நம் பெண்கள் சொன்னதெல்லாம் குறைகள்தான். எழுத்தில் மனுவாகுமுன் பாட்டாய் வந்த குறைகள்!

2015 செப்டம்பரில் மூணாறு சாலையை ஒன்பது நாள் மறித்த பெண்களை நினைத்துப் பாருங்கள். போனஸ் 20 சதத்திலிருந்து 10 சதமாகக் குறைந்தது. நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் சொந்தத் தமிழில் முழங்கினர். அடுக்கடுக்காய், ஒப்பாரிக்கே உரிய வேகத்தோடு. அந்தக் கோபம் சங்கத் தலைவர்கள் மீதும் பாய்ந்தது. ஏன்? மேடையில் பேசியவர்கள் லயத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை. பெண்களின் குரலைக் கேளாத சங்கம் வெறும் சந்தாப் புத்தகமே.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோயிற்று. அவர்களோடு போன பாட்டுகள் எத்தனையோ! காந்தலூர், மறையூர் வட்டாரத்திலும் பாடத் தெரிந்த மூதாட்டிகள் ஆண்டுக்காண்டு குறைகின்றனர்.

ஆகவே தோழர்களே, கிளைதோறும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கையிலுள்ள செல்போனிலேயே குரலைப் பதியுங்கள். பாடுபவரின் சம்மதம் கேளுங்கள். பெயரையும் எந்த எஸ்டேட், எந்த லயம் என்பதையும் எழுதுங்கள். கொச்சை என்று சொல்லைத் திருத்தாதீர்கள். வசை வந்தாலும் வெட்டாதீர்கள். திரட்டியதைப் பீரோவில் பூட்டாமல் மே தினத்தன்று மேடையேற்றுங்கள். பழைய மெட்டில் இன்றைய கூலியை, ஒழுகும் லயத்தை, கிடைக்காத பட்டாவை இளைஞர்கள் பாடட்டும்.

கோரிக்கை மனுவை அதிகாரி கோப்பில் புதைக்கலாம். ஊரே பாடும் பாட்டை எந்தக் கோப்பில் புதைப்பார்?